ஐந்தாவது மணிக்கூடு

போன கிழமை வரைக்கும் திரையில் நாலு வட்டம்:
டோஹா, டொரொண்டோ, மெல்பேர்ன்,
அவற்றுக்கு மேலே கொஞ்சம் பெரிதாய்
குருக்கள்மடம்.
பட்டியலில் கொழும்பு என்றுதான் இருந்தது.
பெயரை மட்டும் நான் மாற்றினேன்.

முதல் குறை மச்சாள் சுபோதினியுடையது.
இரவுக் கடமை முடிந்து டோஹாவில் படுத்தவளைப்
பட்டப்பகலில் அழைத்து எழுப்பிவிட்டேன்.
"உண்ட மணிக்கூட்டில நேரம் இரிக்கி,
நான் நித்திரையா எண்டு இல்லயே புள்ள."
அன்றைக்கே சில வரிகள் சேர்த்தேன்.
அவள் உறங்கும் மணிகளில்
அந்த வட்டம் சாம்பல் பூக்கும்.

டொரொண்டோ மார்ச்சில் ஒரு மணி தாவுவதை
நான் கையால் கணக்கு வைத்திருந்தேன்.
கூட்டத்துக்குப் பிந்திய அன்று
அதையும் திருத்தினேன்.

பிறகு வானிலை.
தெளிந்த வானம், முப்பத்தைந்து பாகை என்கிறது
எங்கே நின்று பார்க்கிறதோ.
வெளியே கச்சான்
கொடியில் கிடந்த சாரனை
வேலிக்கு மேலால் கொண்டுபோகிறது.
உதடு வெடிக்கிறது,
விசைப்பலகையில் எழுத்துக்கு எழுத்து மணல்.
அதன் படங்களில் சூரியன், முகில், குடை, பனிப்பூ.
கச்சானுக்கு ஒன்றும் இல்லை.
சாய்த்து மூன்று கோடு நானே கீறினேன்.
மீன் செதில் போல வந்தது. அழித்தேன்.

இன்பரூபன் தேநீரோடு வந்து
கதிரைக்குப் பின்னால் நின்றான்.
"நான் பிறந்த நேரம் இதில வருமா?"

தொண்ணூற்றெட்டு, மார்ச், அம்பிளாந்துறை.
மாமியின் கணக்கில் இரண்டாம் தேதி
இரவு பதினொன்றே முக்கால்.
வாவிக்கு இந்தப் பக்கம் அப்போதே
மூன்றாம் தேதி பிறந்து கால்மணியாகியிருந்தது.
எழுவான்கரை அரை மணி முந்தி நடந்தது,
படுவான்கரை பழைய மணியைக் கழற்றவில்லை.
எட்டு மணிக்கு எங்கள் துறையில் ஏறியவர்
ஏழே முக்காலுக்கு அங்கே இறங்கினார்,
படகோட்டிக்கு அதில் அதிசயம் ஒன்றும் இல்லை.
பதிவுத்தாளில் மூன்று.
பாற்சோறு மட்டும் இரண்டாம் தேதியில்.

நேர வலயப் பட்டியலை மேலும் கீழும் தேடினேன்.
தீவுகள் இருந்தன,
துருவத்து ஆய்வுநிலையம்கூட இருந்தது.
வாவியின் மற்றக் கரை இல்லை.
சரி என்று நானே எழுதினேன் ஐந்தாவதை.
இரண்டாயிரத்து ஆறு ஏப்ரலுக்கு முந்திய
நாள் எதைக் கொடுத்தாலும்
அரை மணி பின்னால் நிற்கும்.
அதற்குப் பிந்திய நாளென்றால்
பக்கத்து வட்டத்தின் அச்சு அசல்.

பிழை பிடிப்பதுதான் என் தொழில்.
இன்னொருவர் கட்டியதாய் இருந்தால்
'ஒரே நேரம் இருமுறை, ஒன்றை நீக்கவும்'
என்று சிவப்பில் குறித்திருப்பேன்.

அவன் நாளைப் பின்னுக்கு இழுத்தான்.
இருபது, பதினைந்து, பத்து,
ஆறில் ஒட்டியிருந்த முட்கள்
மெல்ல விலகின.
நிறுத்தினான். முன்னுக்குத் தள்ளினான், சேர்ந்தன.
மறுபடி இழுத்தான்.
தேநீர் ஆறிவிட்டது.

"அண்டைக்கு மழையா எண்டு சொல்லுமா இது?"
பழைய வானிலைக்குக் காசு கேட்டது.
கட்டினேன்.
திருகோணமலை வரை வந்து
'பதிவு இல்லை' என்றது.

மாமிக்கு அழைத்தோம்.
பாலம் வந்த பிறகும் அந்தக் கரையிலேயே இருக்கிறா.
"மழையா? லாம்பு மூண்டு தரம் நூந்தது,
மருத்துவிச்சி நனைஞ்சுதான் வந்தவ.
இப்ப ஏன் கேக்கிறாய்?"

அந்தத் தேதிக்கு ஒரு குடை வைத்தேன்.
கீழே நிரலுக்குள் குறிப்பாய்
தரவு மூலம்: மாமி.

கச்சான் இன்னும் வரையவில்லை.